"அவர் போரிலிருந்து திரும்பிவிட்டாரா?" – பழைய காதல் நகைச்சுவை நாடகங்களை வாசிக்கிறவர்கள் இருக்கிறீர்களா?

விறாந்தை (கொக்குவில்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாற்பத்தெட்டு வயதில் எனக்குப் புதிதாக ஒரு வாசிப்புப் பைத்தியம் பிடித்திருக்கிறது. யாரோடாவது இதைக் கதைக்காவிட்டால் மனம் ஆறாது போலிருக்கிறது.

எனக்கு வங்கியில் வேலை. வாசிகசாலையில் கிடைத்ததையெல்லாம் வாசித்து வளர்ந்தவன்தான், ஆனால் நாடகப் புத்தகத்தை மட்டும் தொட்டதில்லை. ஒரு பெயர், ஒரு வசனம், அடுத்த பெயர், அடுத்த வசனம் என்று பக்கம் முழுக்க இருப்பதைப் பார்த்தாலே மூடி வைத்துவிடுவேன்.

மகள் உயர்தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் எடுக்கிறாள். பரீட்சைக்கு இல்லாத நாடகமும் நாலைந்து வாசிக்கச் சொல்லி ரீச்சர் சொன்னாவாம். ஒருநாள் பின்னேரம் ஷேக்ஸ்பியரின் 'மச் அடூ அபவுட் நத்திங்' நாடகத்தைக் கொண்டுவந்து, "அப்பா, ஆம்பிளையளின்ரை வசனத்தை நீங்கள் வாசியுங்கோ, நான் மற்றதை வாசிக்கிறன்" என்றாள். ஒன்றுமில்லாததற்கு இவ்வளவு ஆரவாரமா என்பதுபோல ஒரு தலைப்பு. 1600இல் அச்சான நாடகம். பழைய ஆங்கிலம், ஆனால் பக்கத்துக்குப் பக்கம் குறிப்பு இருந்தது. விறாந்தையில் இருந்து ஆளுக்கொரு குரலாக வாசிக்கத் தொடங்கினோம்.

முதலாவது பக்கத்திலேயே எனக்குத் தொண்டை அடைத்தது. மெசினா என்ற ஊருக்குப் போர் முடிந்த செய்தியோடு ஒரு தூதன் வருகிறான். எத்தனை பேர் போய்விட்டார்கள் என்று ஊர்ப் பெரியவர் கேட்கிறார். கொஞ்சப் பேர்தான், பெயர் சொல்லக்கூடிய ஆட்கள் ஒருவருமில்லை என்கிறான் தூதன். அவ்வளவுதான், கதை அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. எனக்குப் போக முடியவில்லை. பெயர் சொல்ல முடியாத அந்தக் கொஞ்சப் பேரின் வீடுகளில் அன்றைக்கு என்ன நடந்திருக்கும்?

அந்த இடத்தில்தான் பியற்றிஸ் என்ற பெண் முதன்முதலாக வாய் திறக்கிறாள். பெனடிக் என்ற இளைஞனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்து, அந்த ஆள் போரிலிருந்து திரும்பிவிட்டாரா இல்லையா என்று கேட்கிறாள். வாள்சண்டைச் சொல் ஒன்றைத்தான் பட்டப்பெயராக வைத்திருக்கிறாள் என்று குறிப்பில் போட்டிருந்தது. பிறகு அவனை ஒரு பக்கத்துக்குக் குறையாமல் நக்கலடிக்கிறாள். எத்தனை பேரைக் கொன்று தின்றார், அவர் கொன்றவர்களையெல்லாம் நானே தின்பதாகச் சொல்லியிருந்தேனே என்று ஒரே பகிடி. தூதன் உண்மையாகவே குழம்பிப்போகிறான்.

மகள் சிரித்துச் சிரித்து வாசித்தாள். நான் அவளை நிறுத்தி, "பிள்ளை, அவளின்ரை முதல் வசனத்தைத் திரும்ப வாசி" என்றேன். வாசித்தாள். இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். நக்கல், பட்டப்பெயர் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தால், அவள் கேட்பது அவன் உயிரோடு வந்துவிட்டானா என்பதைத்தான். இந்த ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்காத வீடு எது?

காதல் நகைச்சுவை என்றால் நேரம் போக்க வாசிப்பது என்று நினைத்திருந்தேன். இப்போது இரவில் கணக்குப் பார்க்கும்போதும் அந்தப் பெண்ணின் குரல் காதில் கேட்கிறது. இன்னும் இரண்டாம் அங்கத்தைத் தாண்டவில்லை, தயவுசெய்து முடிவை யாரும் சொல்லிவிடாதேங்கோ. இப்படியான நாடகங்கள் வேறு என்ன இருக்கின்றன?

குப்பிவிளக்கு எழுதியது:

அண்ணை, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு நானும் அந்த முதல் காட்சியைத் தேடி வாசித்தேன். நன்றி.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் ஒரு ஷேக்ஸ்பியர் நாடகம் இருந்தது. சுருக்கம் பாடமாக்கினோம், பாத்திரங்களின் குணநலன் பாடமாக்கினோம், நாடகத்தை மட்டும் ஒருநாளும் குரல் விட்டு வாசிக்கவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. அந்த நாடகத்திலே பகிடி இருந்தது என்பதே எனக்கு இருபது வருடம் கழித்துத்தான் தெரியும்.

எனக்கு ஒரு கேள்வி. கூட வாசிக்க வீட்டில் ஆளில்லாதவர்கள் என்ன செய்வது?

மணற்காட்டான் எழுதியது:

மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் இரண்டு மறுப்பு உண்டு.

முதலாவது, நாடகம் பார்ப்பதற்கு. கூத்தை யாரும் புத்தகமாக வாசிப்பதில்லை. மத்தளமும் ஆட்டமும் இல்லாத கூத்து வெறும் ஏடு. அதுபோலத்தான் இதுவும்.

இரண்டாவது, நாங்கள் 'மண் சுமந்த மேனியர்' (1985) போன்ற நாடகங்களோடு வளர்ந்த சனம். அந்தக் காலத்தில் மேடை எங்களுக்குச் சொல்ல முடியாததைச் சொல்லித் தந்தது. அதற்குப் பிறகு பிரபு வீட்டுப் பிள்ளைகள் தோட்டத்தில் ஒளித்திருந்து காதலிக்கும் கதையில் எனக்கு மனம் ஒட்டவில்லை. வாசிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்கு ஒட்டவில்லை என்கிறேன்.

ரொறன்ரோ மச்சாள் எழுதியது:

குப்பிவிளக்குத் தங்கச்சிக்கு முதலில் பதில். ஆள் வீட்டிலேதான் இருக்க வேண்டும் என்றில்லை. என் அக்கா யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், நான் இங்கே. இரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் தொலைபேசியில் நாடகம் வாசிக்கிறோம். எனக்குக் காலை, அவவுக்கு இரவு. முன்பெல்லாம் பத்து நிமிடத்தில் யாருக்குச் சுகமில்லை, யார் செத்தது என்று கதைத்து முடித்து வைத்துவிடுவோம். இப்போது ஒன்றரை மணித்தியாலம் போகிறது. அக்கா இப்படிச் சிரிப்பா என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

நாங்கள் தொடங்கியது ஒஸ்கார் வைல்டின் 'த இம்போட்டன்ஸ் ஒஃப் பீயிங் ஏர்னெஸ்ட்'. 1895 பெப்ரவரி 14 அன்று லண்டனில் முதன்முதல் மேடையேறியது. ஷேக்ஸ்பியரைவிட மொழி இலகு, குறிப்புப் பார்க்கத் தேவையில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மணற்காட்டான் அண்ணை, பிரபு வீட்டுக் கதை என்று சொன்னீர்கள். அதில் லேடி பிறக்னெல் என்று ஒரு தாய் இருக்கிறா. மகளைக் கேட்டு வந்த பையனை இருத்தி வைத்து, கையில் பென்சிலும் குறிப்புப் புத்தகமுமாக விசாரிக்கிறா. வயதென்ன, வருமானமென்ன, அது காணியிலா முதலீட்டிலா, லண்டனில் வீடு உண்டா, எந்தத் தெரு, எத்தனையாம் இலக்கம்? இலக்கத்தைக் கேட்டதும் அது தெருவின் நாகரிகமில்லாத பக்கமாயிற்றே என்று ஒரு நொட்டை. கடைசியில் தாய் தகப்பன் யார் என்று கேட்க, விக்டோரியா ரயில் நிலையத்தில் ஒரு கைப்பைக்குள் குழந்தையாகக் கண்டெடுக்கப்பட்டேன் என்கிறான் அவன். பேச்சுக்கால் அத்தோடு முறிந்தது.

எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்த விசாரணைகளை நான் பார்த்திருக்கிறேன். அக்காவுக்கு மூன்று பேச்சுக்கால் அப்படித்தான் முறிந்தது. எத்தனை பரப்புக் காணி, வீடு யார் பெயரில், டொனேசன் எவ்வளவு? அந்தக் காட்சியை வாசிக்கும்போது லேடி பிறக்னெல் வசனத்தை அக்காதான் கேட்டு வாங்கினா. முழுக்க வாசித்து முடித்துவிட்டு, "இதை இருபத்தைஞ்சு வயதிலை வாசிச்சிருந்தால் நான் அவ்வளவு அழுதிருக்க மாட்டன்" என்றா. மனம் ஒட்டுமா ஒட்டாதா என்பதற்கு என்னிடம் இதைவிட வேறு பதில் இல்லை.

பார்ப்பதற்கா வாசிப்பதற்கா என்பதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். கடைசி அங்கத்தில் இன்னொரு சம்பந்தம் வருகிறது. பெண்ணின் பெயர் செசிலி. லேடி பிறக்னெலுக்கு விருப்பமில்லை, எழும்பிப் போகப் பார்க்கிறா. போகிற போக்கில் பெண்ணுக்கு ஏதும் ஆஸ்தி உண்டா என்று கேட்கிறா. ஓம், ஒரு லட்சத்து முப்பதாயிரம் பவுண் என்று பதில் வருகிறது. உடனே அடைப்புக்குறிக்குள் ஒரு சின்னக் குறிப்பு: மறுபடி உட்காருகிறாள். பிறகுதான் அந்தப் பிள்ளை மிகவும் வடிவான பிள்ளையாக அவவின் கண்ணுக்குத் தெரிகிறாள். மேடையில் என்றால் அந்த இருப்பு ஒரு கணத்தில் நடந்து முடிந்துவிடும். புத்தகத்தில் அந்த இரண்டு சொல்லில் நின்று, ஒரு நிமிடம் ஆறுதலாகச் சிரிக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

வடமராட்சியாள் எழுதியது:

விறாந்தை அண்ணை, வெளியில் போக முன்னம் வீட்டுக்குள்ளேயும் ஒருக்கால் பாருங்கள். புலோலியைச் சேர்ந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை எழுதிய 'நானாடகம்' 1940இல் வந்தது. 'உடையார் மிடுக்கு', 'முருகன் திருகுதாளம்' முதலிய நாலு நாடகம். நாங்கள் வாயால் கதைக்கிற தமிழை அப்படியே தாளில் இறக்கியிருக்கிறார். மேடையில் செந்தமிழ் கொடிகட்டிப் பறந்த காலம் அது. நான் வாசிக்கும்போது பக்கத்து வளவில் ஆட்கள் கதைப்பதுபோலவே இருந்தது.

அவரே வடமொழி 'ரத்னாவளி'யை 'மாணிக்கமாலை' என்று தமிழில் தந்திருக்கிறார். ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷர் எழுதிய காதல் நாடகம் அது. அதன் நாயகி எந்த ஊர்க்காரி தெரியுமோ? இலங்கை இளவரசி! கப்பல் உடைந்து, உயிர் தப்பி, உதயணன் அரண்மனையில் சாகரிகை என்ற பெயரில் பணிப்பெண்ணாக இருக்கிறாள். கடலிலிருந்து வந்தவள், அதனால் அந்தப் பெயர். அரசன்மேல் வந்த விருப்பத்தைத் தோழிக்கு மட்டும் சொல்கிறாள். கூண்டிலிருந்து தப்பின மைனா ஒன்று மரத்திலிருந்து அந்தக் கதை முழுவதையும் திருப்பிச் சொல்ல, அரசனும் விதூஷகனும் கீழே நின்று கேட்கிறார்கள்.

ஷேக்ஸ்பியரின் 'டுவெல்ஃப்த் நைட்' நாடகத்து வயோலாவும் கப்பல் உடைந்து, தெரியாத ஊரில் கரையேறி, ஆணுடுப்புப் போட்டு, சேவகம் செய்யப் போன வீட்டுத் தலைவனை மனதுக்குள் விரும்புகிறவள்தான். இரட்டையாகக் கூடப்பிறந்தவன் கடலோடு போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டு அத்தனை பகிடியும் விடுகிறாள். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். இடையில் ஏறக்குறைய ஆயிரம் வருடம். கடல் எல்லாவற்றையும் எடுத்த பிறகு ஒரு பெண் பெயரை மாற்றி எழும்பி நிற்பது இரண்டிலும் ஒன்றுதான். கடலோரத்துப் பிள்ளை எனக்கு அது போதும்.

ஷேக்ஸ்பியரைத் தமிழில் கிட்டப் பிடிக்க விரும்புகிறவர்கள் விபுலாநந்த அடிகளின் 'மதங்க சூளாமணி'யையும் தேடுங்கள். 1926இல் வெளியானது. செகசிற்பியார் என்று பெயர் வைத்து, அவருடைய பன்னிரண்டு நாடகங்களை எங்கள் நாடக இலக்கணத்தோடு வைத்துப் பார்க்கிறார். நடை கொஞ்சம் கடினம். எனக்கு இரண்டு வாசிப்புத் தேவைப்பட்டது.

தினைப்புனம் எழுதியது:

கூத்தை யாரும் வாசிப்பதில்லை என்று மணற்காட்டான் தம்பி சொன்னது சரி. ஆனால் குரல் விட்டு வாசித்து அனுபவிப்பது எங்களுக்குப் புதிதில்லை. கோயிலில் புராண படிப்பு வேறு என்ன? ஒருவர் இராகத்தோடு பாட்டை வாசிப்பார், மற்றவர் பயன், அதாவது பாட்டின் பொருள், சொல்லுவார். விறாந்தையும் மகளும் செய்வது அதேதான்.

இன்னொன்று. கந்தபுராணத்தின் கடைசிப் படலம் வள்ளியம்மை திருமணப் படலம். சூரசம்மாரம் எல்லாம் முடிந்து, போர் ஓய்ந்து, கச்சியப்பர் கடைசியில் கொண்டுவந்து வைப்பது ஒரு காதல் நகைச்சுவை. சின்ன வயதில் எங்கள் ஊர்க் கோயிலில் கேட்டபோது பெரியாட்கள் கொடுப்புக்குள் சிரிப்பது எனக்கு விளங்காது.

முருகன் வேடனாக வந்து வள்ளியோடு கதை கொடுக்கிறான். அந்த நேரம் பார்த்துத் தகப்பன் நம்பி வருகிறான். முருகன் வேங்கை மரமாக நிற்கிறான். நேற்றில்லாத மரம் இன்றைக்கு எப்படி வந்தது, வெட்டுவோம் என்கிறார்கள் வேடர். நம்பி விடவில்லை. மரம் மகளுக்குத் துணையாக நிற்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறான். தகப்பன் வாயாலேயே அந்த வார்த்தை! எங்கள் ஊரில் பயன் சொல்லுகிற ஐயா அந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்துவார், பிறகு சபை முழுக்க மெல்லிய ஒரு சிரிப்பு ஓடும்.

பிறகு கிழவனாக வந்து தேனும் தினைமாவும் வாங்கிச் சாப்பிடுகிறான், தண்ணீர் கேட்கிறான், கடைசியில் கலியாணம் கேட்கிறான். அவள் கோபித்துக்கொண்டு போக, முருகனின் அண்ணன் பிள்ளையார் யானையாக வருகிறார். பயந்து ஓடிவந்து அந்தக் கிழவனையே கட்டிப் பிடிக்கிறாள். மாறுவேடம், தகப்பனுக்கு ஒளிப்பு, ஆள் தெரியாமல் ஆளோடு வாதாடுவது: அங்கே இருப்பதெல்லாம் இங்கேயும் இருக்கிறது. எங்கள் இசைநாடக மேடைகள் 'வள்ளி திருமணம்' போட்டபோது சனம் விடிய விடிய இருந்து பார்த்ததும் அதற்காகத்தான்.

மணற்காட்டான் எழுதியது:

தினைப்புனம் ஐயா, வேங்கை மர இடத்தை நான் மறந்துபோனேன். அப்பம்மா சொல்லித் தந்தது. புத்தகம் வீட்டில் இருக்கிறது, இரவு எடுத்து வாசிக்கிறேன். மற்ற விஷயத்தில் இன்னும் என் கருத்து மாறவில்லை.

விறாந்தை எழுதியது:

இரண்டு நாள் வரமுடியவில்லை, மாதக் கடைசி வேலை. எல்லாவற்றையும் ஆறுதலாக இருந்து வாசித்தேன். 'நானாடக'த்தை மகள் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் தேடுகிறாள்.

தினைப்புனம் ஐயா, எங்கள் அப்பாவும் கோயிலில் பயன் சொன்னவர். நான் செய்வது அதுதான் என்று நீங்கள் சொல்லும்வரை எனக்குத் தோன்றவே இல்லை. இதை எழுதும்போது கண் கலங்குகிறது.

ஒரு இடத்தை உங்களுக்குக் காட்ட வேண்டும். இரண்டாம் அங்கம், முதலாம் காட்சி. பெனடிக்கின் இருதயத்தை நீ இழந்துவிட்டாய் என்று டொன் பேத்ரோ என்ற இளவரசர் பியற்றிஸிடம் சொல்கிறார். அவள் சொல்வது: ஓம், கொஞ்ச நாள் அதை எனக்கு இரவல் தந்தார், நானும் அதற்கு 'யூஸ்' கொடுத்தேன், ஒற்றை இருதயத்துக்கு இரட்டை இருதயமாக. மகள் 'பயன்' என்று நினைத்துக்கொண்டு கடந்துபோனாள். நான் குறிப்பைப் பார்த்தேன். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் 'யூஸ்' என்றால் வட்டி!

இருபத்திரண்டு வருடமாக வட்டி கணக்குப் பார்க்கிறேன், அந்தச் சொல் இப்படி ஒரு பெண்ணின் வாயில் வருமென்று நினைத்ததில்லை. கைமாற்றாகத் தந்த இருதயத்தை வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அடுத்ததாக, முன்னொருமுறை கள்ளத் தாயம் உருட்டி அவர் அதை என்னிடம் வென்றெடுத்தார் என்கிறாள். அப்படியென்றால் கதை தொடங்க முன்னமே இவர்களுக்குள் ஒன்று நடந்து முறிந்திருக்கிறது. அத்தனை நக்கலும் அந்தக் காயத்தின் மேலே போட்ட கட்டு. வேறு எந்த இடத்திலும் அதை விரித்துச் சொல்லவில்லை. இரண்டு வரி, கூட்டத்தின் நடுவில், பகிடி மாதிரி. மேடையில் பார்த்திருந்தால் சத்தியமாக நான் தவறவிட்டிருப்பேன். மணற்காட்டான் தம்பிக்கு என் பதில் இதுதான்.

குப்பிவிளக்கு எழுதியது:

வட்டி! அண்ணை, அந்த வரியை என் கொப்பியில் எழுதி வைத்துவிட்டேன்.

நான் தனியாகத்தான் தொடங்கினேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாக் குரலையும் நானே வாசித்தேன். மூன்றாம் நாள் மாமி கதவைத் தட்டி, "ஆரோடை பிள்ளை கதைக்கிறாய்?" என்று கேட்டா. விஷயத்தைச் சொன்னேன். இப்போது கட்டிலில் இருந்து கேட்கிறா. ஆங்கிலம் தெரியாது, நான் ஒவ்வொரு வசனத்துக்கும் பயன் சொல்கிறேன். பெனடிக் ஒளித்திருந்து நண்பர்களின் கதையைக் கேட்டு ஏமாந்த பிறகு, பியற்றிஸ் வந்து வேண்டாவெறுப்பாகச் சாப்பிடக் கூப்பிடுகிறாளே, அதிலும் இரட்டை அர்த்தம் இருக்கிறது என்று அவன் நினைத்துப் பூரிக்கிறானே, அந்த இடத்தை மாமி இரண்டு தரம் வாசிக்கச் சொன்னா.

ரொறன்ரோ மச்சாள் எழுதியது:

மாமிக்கு என் அன்பைச் சொல்லுங்கோ. அக்காவும் நானும் இந்தச் சனிக்கிழமை உங்கள் மெசினாவுக்கு வருகிறோம். பியற்றிஸ் யார் வாசிப்பது என்பதில்தான் இன்னும் முடிவில்லை.

விறாந்தை எழுதியது:

நேற்றிரவு நாலாம் அங்கம் வாசித்தோம். இன்னும் வாசிக்காதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போகலாம்.

பியற்றிஸின் ஒன்றுவிட்ட சகோதரி ஹீரோ. பெண்ணின் பெயர்தான் அது. கலியாணத்தன்று, கோயிலில், சபை நடுவே அவளை மாப்பிள்ளை கிளோடியோ கெட்டவள் என்று சொல்லி உதறிவிட்டுப் போகிறான். எல்லாம் பொய். நகைச்சுவை நாடகம் என்று எடுத்த புத்தகத்தில் இப்படி ஒரு காட்சி வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. மகளின் குரல் நடுங்கியது.

எல்லோரும் போன பிறகு பெனடிக்கும் பியற்றிஸும் மட்டும். இவ்வளவு நேரமும் அழுதாயா என்று அவன் கேட்கிறான். ஓம், இன்னும் கொஞ்ச நேரம் அழுவேன் என்கிறாள். பகிடி ஒன்றும் இல்லை. இருவரும் விருப்பத்தைச் சொல்கிறார்கள். உனக்காக என்ன செய்ய வேண்டும், கேள் என்கிறான் அவன். நான் அதை வாசித்து முடிக்க, மகள் உடனே பதில் வாசிக்கவில்லை. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, புத்தகத்தைப் பாராமலே தமிழில் சொன்னாள்: "கிளோடியோவைக் கொல்லு."

குசினியில் மனைவி தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. இவ்வளவு நாளும் அவ இதில் கலந்துகொண்டதில்லை, கேட்கிறாவோ என்றும் எங்களுக்குத் தெரியாது. திருவலைச் சத்தம் நின்றது.

நான் அடுத்த வசனத்தை வாசித்தேன். உலகத்தையே தந்தாலும் மாட்டேன் என்கிறான் பெனடிக். கிளோடியோ அவனுடைய நண்பன், ஒன்றாகப் போருக்குப் போய் வந்தவர்கள். பியற்றிஸ் எழும்பிப் போகப் பார்க்கிறாள். நான் ஓர் ஆணாக இருந்திருந்தால் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

மனைவி கையில் பாதித் தேங்காயோடு குசினி வாசலில் வந்து நின்றா. "அவன் போவானோ?" என்று கேட்டா.

மகள் கதிரையை இழுத்துப் போட்டாள். மிச்சத்தை மூன்று பேருமாக வாசித்தோம், சமையல் பிந்திவிட்டது. இன்றிரவு ஐந்தாம் அங்கம்.